மூன்று ரோஜாச் செடிகள்: முதல் ஐந்து மாதம்

ரோஜா வைக்கலாம் என்று முடிவு செய்தபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அதற்கு வெயில் வேண்டும். அதனால் செடி வாங்குவதற்கு முன் இரண்டு நாள் இடத்தை மட்டும் கவனித்தேன். எங்கே எப்போது நிழல் விழுகிறது என்று மணிக்கொரு முறை தாளில் குறித்தேன். நான் மனதில் வைத்திருந்த சுவரோரத்தில் நாலு மணி நேர வெயில்தான் கிடைத்தது. ரோஜாவுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். கிழக்குப் பக்கத்தில் அது கிடைத்தது. காலை வெயில் இலை ஈரத்தைச் சீக்கிரம் உலர்த்திவிடும், கரும்புள்ளி நோயும் குறையும். சரி, அங்கேதான் என்று முடிவானது.

மூன்று செடிகள் வாங்கினேன். முதலாவது டபுள் டிலைட், 1977இல் வெளிவந்த ஹைப்ரிட் டீ வகை. ஒரு காம்புக்குப் பெரும்பாலும் ஒரே பெரிய பூ, நல்ல வாசனை. இரண்டாவது ஐஸ்பெர்க், ஜெர்மனியின் கோர்டஸ் நிறுவனம் 1958இல் கொண்டுவந்த வெள்ளை ஃப்ளோரிபண்டா வகை. இது கொத்துக் கொத்தாகப் பூக்கும். மூன்றாவதற்குப் பெயர்ச்சீட்டு இல்லை. அதில் இருந்த ஒரு பெரிய சிவப்புப் பூவுக்காகவே எடுத்தேன். தண்டைப் பார்க்கவில்லை, வேரைப் பார்க்கவில்லை.

நடும் இடத்தில் ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இரண்டாம் முறை ஊற்றியது மறுநாள் காலையிலும் கொஞ்சம் தேங்கி நின்றது. வேர் அழுகிவிடும் என்று பயந்து, அந்த இடத்தை முக்கால் அடி உயரத்துக்கு மேடாக்கினேன். குழிகள் ஒன்றரை அடி அகலம், செடிக்குச் செடி இரண்டரை அடி இடைவெளி. எடுத்த மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரத்தைக் கலந்து போட்டேன். ரசாயன உரம் எதுவும் சேர்க்கவில்லை, புது வேர் கருகிவிடும்.

கடைகளில் கிடைக்கும் ரோஜாக்களில் பல ஒட்டுச்செடிகள். தண்டின் அடியில் முடிச்சுபோலப் புடைத்திருக்கும் இடம்தான் ஒட்டு. அதற்குக் கீழே இருப்பது வேறொரு ரோஜாவின் வேர். பனி உறையும் குளிர்காலம் வரும் இடங்களில் ஒட்டை ஓரிரண்டு அங்குலம் மண்ணுக்குள் புதைப்பார்கள். மற்ற இடங்களில் அது மண்ணுக்கு மேலே இருக்கலாம். நான் மேலேயே விட்டேன்.

மூன்றாம் வாரம் டபுள் டிலைட்டில் கருஞ்சிவப்பாக இலைகள் வந்தன. நோய் என்று நினைத்து ஒரு துளிரைக் கிள்ளிவிட்டேன். இன்னும் வருத்தமாக இருக்கிறது. ரோஜாவின் இளந்துளிர் பெரும்பாலும் அப்படிச் சிவந்துதான் வரும், முற்றும்போது பச்சையாகும்.

ஆறாம் வாரம் பெயரில்லாத செடியிலிருந்து ஒரு நீளமான கிளை சரசரவென்று கிளம்பியது. இலைகள் சிறியவை, வெளிர் பச்சை. ஒரு வாரம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் குனிந்து மண்ணை விலக்கிப் பார்த்தேன். கிளை புறப்பட்டது ஒட்டுக்குக் கீழே. நான் வாங்கிய ரோஜா வாடிக்கொண்டிருக்க, கீழே இருந்த காட்டுவேர் தனக்காக வளர்ந்துகொண்டிருந்தது. மேலோடு வெட்டினால் மறுபடி தழைக்கும் என்பதால், அது தோன்றிய இடத்திலேயே பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தேன். ஆனாலும் மேல்தண்டு பிழைக்கவில்லை. தோண்டி எடுத்தபோது வேர்கள் பழைய பையின் வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றிக் கிடந்தன. நடும்போது அவற்றைப் பிரித்துவிட்டிருக்க வேண்டும்.

ஐஸ்பெர்க்கில் முதல் மொட்டுகளைக் கிள்ளினேன். செடி முதலில் வேர் பிடிக்கட்டும் என்றுதான். டபுள் டிலைட்டில் மட்டும் ஒரு மொட்டை விட்டுவைத்தேன், மனசு வரவில்லை. விரிந்தபோது இதழ்கள் பாலேடு நிறம், ஓரத்தில் மட்டும் சிவப்பு. வெயில் பட்டுப் பட்டு அந்தச் சிவப்பு நாளுக்கு நாள் உள்நோக்கிப் பரவியது. அதைப் பார்ப்பதற்காகவே தினமும் காலையில் சீக்கிரம் எழுந்தேன். பூ வாடியதும், ஐந்து சிற்றிலைகள் கொண்ட இலைக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் பார்க்கும் கணுவாகப் பார்த்து வெட்டினேன். அடுத்த பூ 43ஆம் நாள் வந்தது.

ஐஸ்பெர்க்கில் கரும்புள்ளி வந்தது. மாலையில் இலை நனைய நனையக் குழாய் பிடித்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். புள்ளி விழுந்த இலைகளை, உதிர்ந்தவற்றையும் சேர்த்து, பொறுக்கி அப்புறப்படுத்தினேன். இப்போது காலையில், அடியில் மட்டும் தண்ணீர். மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பிய மூடாக்கு, இரண்டு அங்குலம், தண்டைத் தொடாமல்.

காலியான இடத்துக்குப் போன மாதம் இன்னொரு செடி வாங்கினேன். இந்த முறை பூவே இல்லாத செடி. பென்சிலைவிடத் தடித்த மூன்று தண்டுகள், வெடிப்பில்லாத ஒட்டு. வேரைப் பிரித்து நட்டேன். இன்று காலை அதில் சிவப்பாக இரண்டு துளிர்கள். மண்ணை விலக்கிப் பார்த்தேன், இரண்டும் ஒட்டுக்கு மேலே.