உரத்தொட்டியில் பிறந்த ஈயை அடையாளம் கண்ட விதம்

மாடித்தோட்டத்துக்குச் சமையலறைக் கழிவை மக்க வைக்கும் தொட்டியைத் திறந்தேன். உள்விளிம்பில் ஒரு பூச்சி வெளிறிய உடலும் கசங்கிய சிறகுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. "குளவிடா, கிட்டப் போகாதே" என்றார் அம்மா.

கூட்டை விட்டு அப்போதுதான் வந்த பூச்சியை நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. சிறகு விரிந்து தோல் இறுகினால்தான் உண்மையான நிறம் தெரியும். அதனால் அதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து நிழலில் வைத்தேன்.

சிறகு நீண்டதும் எத்தனை ஜோடி என்று பார்த்தேன். ஒன்றுதான். குளவிக்கு இரண்டு ஜோடி. ஈக்களுக்குப் பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் சிறு குமிழ்கள்தான் இருக்கும். அம்மாவின் கொட்டு பயம் அதோடு தீர்ந்தது. ஆனால் என்ன ஈ? ஸ்கேல் வைத்தால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நீளம், வீட்டு ஈயைப்போல இரண்டு மடங்கு. உணர்கொம்புகள் நீளம். உடல் முழுக்கக் கறுத்திருக்க, பாதங்கள் மட்டும் வெள்ளை.

பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கியபோதுதான் சந்தேகம் விலகியது. வயிற்றின் தொடக்கத்தில் இரண்டு ஜன்னல்கள் வைத்ததுபோல ஒளி ஊடுருவியது. ஹெர்மீசியா இல்லூசென்ஸ், அதாவது பிளாக் சோல்ஜர் ஃப்ளை! அமெரிக்கக் கண்டங்களைப் பூர்வீகமாகக் கொண்ட இந்த ஈக்கு 1758-இல் அறிவியல் பெயர் வைத்தவர் சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ்.

அதோடு விட மனமில்லை. மேலே கிடந்த காய்ந்த சருகைக் கிளறினேன். முன்பக்கம் பிளந்த கரும்பழுப்புக் கூடு கிடைத்தது. வீட்டு ஈயின் கூடு வழவழப்பான சின்ன உருளை. இதுவோ தட்டையானது, புழுவின் தலையும் உடல் வளையங்களும் அப்படியே தெரிந்தன. புழுவின் கடைசித் தோல்தான் இதற்குக் கூடு. முதிர்ந்த புழுக்கள் கறுத்து, ஈரத்தை விட்டு உலர்ந்த இடம் தேடி ஏறும். சில நாளாகத் தொட்டிச் சுவரில் ஊர்ந்த கறுப்புப் புழுக்கள் எவை என்பதும் விளங்கியது.

அம்மா மருந்து தெளிக்கலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். இது கடிக்காது, கொட்டாது, சாப்பாட்டுத் தட்டை மொய்க்கவும் வராது. இதன் புழுக்கள் நிறைந்த கழிவில் வீட்டு ஈக்கள் பெருகுவதும் குறையும். பாட்டிலைத் திறந்து ஈயை விட்டுவிட்டேன். புழுக்கள் தின்ற கழிவு சொதசொதவென்று ஆகியிருந்ததால் இரண்டு கை தேங்காய் நாரும் சருகும் சேர்த்துக் கிளறி மூடினேன்.