அரை ஆள் கணக்கு: ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை

முதலில் அந்த ஆட்டோக்காரரைப் பற்றி எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் மனசு ஆறாது.

காட்பாடி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் "கோட்டைக்கா? நானூறு" என்றார். பேரம் பேசி 250க்கு முடித்தேன். என்னவோ சாதித்துவிட்ட மாதிரி உள்ளே காலை நீட்டி உட்கார்ந்தேன். பாலாற்றுப் பாலத்தில் போகும்போது பக்கத்திலேயே ஒரு டவுன் பஸ் வந்தது. முகப்பில் பிங்க் பெயிண்ட், ஜன்னலோரம் இரண்டு சீட் காலி. 2021லிருந்து அதில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. சென்னையிலிருந்து 130 கிலோமீட்டர் ரயிலில் வர நூறு ரூபாய்கூட ஆகவில்லை, கடைசி சில கிலோமீட்டருக்கு 250. இரண்டு நாளைக்கு நான் கொண்டுவந்ததே 1500 ரூபாய்தான். வேலூர் போகிறவர்கள் ஸ்டேஷன் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்து நில்லுங்கள். பாகாயம் போகும் 1, 2 நம்பர் பஸ்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

கோட்டையைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள், 1806 சிப்பாய்ப் புரட்சியைப் பற்றியும். எனக்குப் பிடித்தது ஜலகண்டேஸ்வரர் கோயில் கதை. பல நூறு வருஷம் கருவறையில் சாமி இல்லாமல் கிடந்த கோயில் அது. 1981இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டார்கள். அந்தக் கல்யாண மண்டபத் தூண்களை விட்டு நகர மனசில்லைதான். ஆனால் தோழி நான்கு முறை போன் செய்துவிட்டாள்.

இந்தப் பயணமே அவளால்தான். அணைக்கட்டுக்கும் ஒடுகத்தூருக்கும் நடுவில் அவள் ஊர். "ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல ஏரி வேலை, வந்து பாரேன்" என்றாள். கிராமத்து ஏரி, சில்லென்று காற்று, கரையில் ஒரு செல்ஃபி, போகிற வழியில் மலையடிவாரம் என்று நானாக ஒரு படம் வரைந்துகொண்டேன். ஊர்ப் பெயரைப் போடாதே என்று பிறகு சொன்னார்கள், போடவில்லை. காரணத்தைப் படித்தால் உங்களுக்கே புரியும்.

பஸ் என்றால் அப்படி ஒரு பஸ். ஆவணி முகூர்த்தம் என்பதை மறந்தே போயிருந்தேன். பெண் வீட்டுச் சீர் மொத்தமும் அதில்தான் ஏறியது. என் கால்மேல் ஒரு எவர்சில்வர் அண்டா, அண்டாவுக்குள் ஒரு குழந்தை. ஸ்பீக்கர் நேராகத் தலைக்கு மேலே. ஊசூர் தாண்டும்போது குழந்தை தூங்கிவிட்டது, என்னால் முடியவில்லை. அணைக்கட்டில் பாதிக் கூட்டம் இறங்கியது. அப்போதுதான் ஜன்னல் வழியாக ஜவ்வாது மலை தெரிந்தது.

இரவு தோழியின் அம்மா போட்ட சாப்பாட்டுக்குத் தனிப் பாராவே எழுதலாம். கேழ்வரகுக் களி, நடுவில் குழி, அதில் கருவாடும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். காம்பிலெல்லாம் முள், நறுக்கும்போதே கையைப் பதம் பார்க்கும், குழம்பில் போட்டால் வெண்ணெய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். சென்னையில் அந்தப் பெயரைச் சொல்லி விற்பதை இனிமேல் தொடமாட்டேன். களியை மென்று தின்ற என்னைப் பார்த்து தோழியின் ஆயா (பாட்டி) சிரித்துக்கொண்டே இருந்தார். "இன்னாம்மா, சூயிங்கமா அது? அப்டியே முழுங்கு."

காலை ஐந்தரைக்கு எழுப்பிவிட்டார்கள். ஏரிக்கரைக்குப் போனால் தண்ணீரும் இல்லை, சில்லென்ற காற்றும் இல்லை. ஏரிக்குள் வெடித்த களிமண், அதில் ஆடு மேய்கிறது. மலையடிவார ஓடையிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்தான் அன்றைய வேலையிடம். கால்வாய் என்று சொன்னதால் நம்பினேன். கண்ணுக்குத் தெரிந்தது வேலிகாத்தான் காடுதான். தெற்கே இதைச் சீமைக் கருவேலம் என்பார்கள், எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் முள் முள்தான். மேலோடு வெட்டினால் போதாது, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும், வேரோடு பிடுங்க வேண்டும். அதற்கு ஒரு ஜேசிபி. அதன் பின்னால் மண்வெட்டி, கடப்பாரை, பாண்டுகளோடு ஆட்கள். இன்னொரு கூட்டம் கரைமேல் நண்டு வளை, எலி வளைகளைத் தேடித் தேடி அடைத்துக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பும்போது கரை உடைவது இந்தப் பொந்துகளில்தான் தொடங்குமாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாக்குப்பை நிறையப் பனங்கொட்டையோடு கரையின் வெளிச்சரிவில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் போனதும் செய்த முதல் வேலை போட்டோ எடுத்தது. இரண்டாவது, செருப்போடு சேற்றில் இறங்கி அதை அறுத்துக்கொண்டது. "மண்ணு தூக்க வந்தவ மொதல்ல செருப்பக் கழட்டணும்" என்றார் ஒரு அக்கா. கழட்டினேன். கால் மணி நேரத்தில் முள் குத்தியது. தைரியமாகச் சொல்கிறேன், நகரத்திலிருந்து ஒருநாள் சேவைக்கு வருகிற என்னைப் போன்றவர்களால் அரைமணி நேர வேலை நடக்கும், ஒரு மணி நேர வேலை கெடும். எனக்கு முள் எடுக்க இரண்டு பேர், தண்ணீர் கொடுக்க ஒருவர்.

முக்கியமான குறை ஒன்று. அவ்வளவு பெண்கள் வேலை செய்கிற இடத்தில் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. இருந்த ஒரே மறைவு வேலிகாத்தான் புதர், அதைத்தான் ஜேசிபி பிடுங்கிக்கொண்டிருக்கிறது. ஜேசிபிக்கு ஏற்பாடு செய்தவர்கள் நாலு குச்சி நட்டு ஒரு தார்ப்பாய் கட்டியிருக்கலாம். கேட்டேன். "அடுத்த வாட்டி" என்றார்கள்.

சரி, இத்தனை பேரைக் கூலி இல்லாமல் யார் வரவைத்தது? இதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. நூறு நாள் வேலையா என்று கேட்டேன். இல்லையாம். ஏரி சின்னது, நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்), அதனால் நீர்வளத்துறையில் வராது, ஊராட்சி ஒன்றியத்தில் வரும். 2017இல் அரசாங்கம் குடிமராமத்து (ஊர்க்காரர்களே சேர்ந்து ஏரி, கால்வாயைச் சீர்செய்வது) என்று திட்டம் ஆரம்பித்தபோது இந்த ஊரிலும் காத்திருந்து பார்த்தார்கள், இவர்கள் முறை வரவில்லை. அப்புறம்தான் பாரதக் கூத்து நோட்டை எடுத்தார்கள்.

இந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். பகலில் கதை, இரவில் தெருக்கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. அதற்கு வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி உண்டு. யார் தனிக்குடித்தனம் போனார்கள், யார் பாக்கி, யார் சண்டை போட்டுக்கொண்டு கொடுக்கவில்லை, எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. அதையே ஏரிக்குத் திருப்பிவிட்டார்கள். தலைக்கட்டுக்கு ஓர் ஆள், இல்லையென்றால் 500 ரூபாய். சமையலுக்கு ஒரு படி அரிசி. வெட்டின வேலிகாத்தானை விறகுக்கு விற்ற பணம் ஜேசிபி வாடகைக்கு. வரவு செலவு முழுவதும் கோயில் சுவரில் சுண்ணாம்புக்கட்டியில் எழுதியிருக்கிறது. வராதவர்கள் பெயரும்தான்! பெங்களூரில் இருக்கும் பையன்கள் ஆன்லைனில் பணம் அனுப்பித் தப்பித்துக்கொண்டார்கள், அவர்கள் பெயருக்கு நேரே சின்னதாகச் 'செல்' என்று ஒரு குறிப்பு, செல்போனில் வந்த பணம் என்று அர்த்தம்.

தானாக முன்வந்து செய்வது என்றுதானே சொன்னாய் என்று தோழியிடம் கேட்டேன். "தானாத்தான் வராங்க, செவுத்துல பேரு வந்துரும்னு தானா வராங்க" என்றாள். பழைய கதையும் அப்படித்தான். மதராஸ் மாகாணத்தில் வெள்ளைக்காரர்கள் 1858இல் கட்டாய உழைப்புக்கென்று சட்டமே போட்டார்கள், இந்தக் குடிமராமத்துக்கு வராதவர்களையும் சேர்த்து. மராமத்து உருது வழியாக வந்த சொல், குடி மட்டும் நம்முடையது. அந்தக் காலத்தில் ஊரே மகிழ்ச்சியோடு ஏரியைப் பார்த்துக்கொண்டது என்று யாராவது எழுதினால் இனி நான் நம்புவதாக இல்லை.

பத்து மணிக்குச் சண்டை வந்தது. நானும் அதற்குத்தான் காத்திருந்தேன்.

ஒரு வேர்க்கடலைக் கொல்லைக்குப் பக்கத்தில் கால்வாய் திடீரென்று ஒரு முழமாகச் சுருங்கிவிட்டது. அதுவரை பதினைந்து அடி இருந்த கால்வாய். நீர்க்கட்டித் தாத்தா (மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுவது பரம்பரையாக அவர் வேலை) கம்பை அங்கே ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார், நகரவே இல்லை. கொல்லைக்காரர் யாரென்றால், காலையிலிருந்து எல்லாருக்கும் தவலையில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணன். எனக்கும் இரண்டு டம்ளர் ஊற்றியிருந்தார்.

"எங்க நைனா காலத்துலருந்து வரப்பு இங்கதான் கீது" என்றார்.

"உங்க நைனாவுக்கே நான்தாம்பா தண்ணி உட்டவன்" என்றார் தாத்தா.

அவ்வளவுதான். ஜேசிபியை அணைத்துவிட்டு டிரைவர் பீடி பற்றவைத்தார். மணிக்கு ஆயிரத்துச் சொச்சம் வாடகை ஓடுகிறதே என்று எனக்குத்தான் பதைப்பு, என் பணம் மாதிரி. யாரோ புலப்பட (நில அளவை வரைபட) நகலைக் கொண்டுவந்தார்கள், கயிறு பிடித்தார்கள், அண்ணன் ஒரு கல்லைக் காட்டினார், தாத்தா வேறொரு கல்லைக் காட்டினார். அண்ணனின் மனைவி மோர்த் தவலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். முக்கால் மணி நேரம். கடைசியில் கடலை அறுவடை முடிகிறவரை ஐந்தடி, முடிந்ததும் மீதி என்று பேசி முடித்தார்கள். அந்த மீதி கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தாத்தாவுக்கும் இல்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் ஜேசிபி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் மோர்த் தவலையும் திரும்பி வந்தது.

மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் இன்னொன்று கவனித்தேன். காலனியிலிருந்தும் முப்பது பேர் போல வந்திருந்தார்கள். வேலையில் அவர்கள்தான் முன்னால். பந்தியில் அவர்கள் தனியாக ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்களை அங்கே போகச் சொல்லவில்லை, இங்கே வாங்க என்று யாரும் கூப்பிடவும் இல்லை. நான் இலையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். அதில் ஒன்றும் பெருமை இல்லை, அங்கேதான் நிழல் இருந்தது.

"எங்களுக்கு இந்த ஆயக்கட்டுல ஒரு சென்ட் நெலம் கெடையாதும்மா" என்றார் பக்கத்தில் இருந்த அக்கா. பின்னே ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். ஏரி நிரம்பினால் காலனி போர்வெல்லில் தண்ணீர் ஏறும், அது ஒன்று. இன்னொன்று பேச்சுவார்த்தை. பாரத நோட்டில் அவர்கள் பெயர் எப்போதும் இருந்ததில்லை. இந்த முறை ஆள் வேண்டும் என்று கேட்டபோது, "நோட்டுல பேரு எழுதுங்க, வரோம். எங்க சுடுகாட்டுப் பாதைக்கு நீங்க ஒரு நாள் வாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மூன்று கூட்டம் நடந்ததாம். கடைசியில் பழைய நோட்டில் எழுதாமல் புது நோட்டு ஒன்று வாங்கினார்கள், ஏரி நோட்டு. அதில் இரண்டு பக்கத்துத் தலைக்கட்டும் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். கடலைக் கொல்லைச் சண்டை வெளியே தெரிந்தால் அவர்களுக்குக் கவலையே இல்லை. புரட்டாசியில் சுடுகாட்டுப் பாதைக்கு ஊரிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று பார்த்துவிட்டு எழுது என்றார் அந்த அக்கா.

சாப்பாடு சாம்பார் சோறும் பூசணிக்காய்ப் பொரியலும். வீட்டுக்கு ஒரு படி என்று வசூலித்த அரிசி ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரகம். பாதி குழைந்து பாதி விறைத்து இருந்தது. நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

செலவுக் கணக்கு போடுவதாக ஆரம்பத்திலேயே நினைத்தேன், மறந்துவிட்டேன். ஆட்டோ 250, அறுந்த செருப்புக்குப் பதில் ஒடுகத்தூரில் ஒரு ரப்பர் செருப்பு 130, முள் குத்தியதற்கு ஊசி, கத்தரிக்காய் மூன்று கிலோ (ஆயா காசு வாங்க மாட்டேன் என்றார், அதனால் அவர் பேத்திக்கு நூறு ரூபாய்). திரும்பி வரும்போது வேலூரிலிருந்து நேராகச் சென்னை பஸ். காவேரிப்பாக்கம் தாண்டும்போது தூக்கத்திலிருந்து எழுந்து வெளியே பார்த்தேன். தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று, பல்லவர் காலத்தது என்பார்கள். முன்பெல்லாம் அதன் கரையைப் பார்த்தால் எந்த ராஜா கட்டினான் என்றுதான் தோன்றும். இப்போது யார் வீட்டுக் கொல்லை எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கும் என்று கண் தேடியது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. கையில் 340 ரூபாய் மிச்சம்.

இன்று காலை தோழி ஒரு போட்டோ அனுப்பினாள். கோயில் சுவர். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு, பெயர் பெயராக. கடைசி வரியில் சுண்ணாம்புக்கட்டியால் 'மெட்ராஸ் விருந்தாளி - ½ ஆள்' என்று எழுதியிருக்கிறது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. முள் எடுத்த நேரம், போட்டோ எடுத்த நேரம், இரண்டு டம்ளர் மோர் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தேன். கணக்கு சரிதான்.

மீதி அரை ஆளைப் புரட்டாசி இரண்டாவது ஞாயிறு கழித்துக்கொள்ளலாம் என்று தாத்தா சொன்னாராம். சுடுகாட்டுப் பாதை வேலை. தார்ப்பாய் நான் வாங்கி வருகிறேன் என்று பதில் அனுப்பியிருக்கிறேன். காட்பாடியிலிருந்து பஸ்ஸில்.