ஒன்ராறியோப் பள்ளிக்கூடமும் மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோரும்

களுவாஞ்சிகுடியிலோ திருக்கோவிலிலோ கூரை ஒழுகுது, வளவெல்லாம் புல்லாக் கிடக்குது என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூப்பிட்டால், மண்வெட்டியோடு சிரமதானத்துக்குப் போய்விடுவோம். படிப்பு விசயத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டோம். அது ரீச்சரின் பொறுப்பு, கேட்பது மரியாதைக் குறைவு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அப்படி ஒதுங்கி நின்றால், வீட்டில் அக்கறை இல்லை என்றே நினைக்க இடமுண்டு.

ஒக்ரோபர் 20க்கும் நவம்பர் 20க்கும் இடையில் வரும் முன்னேற்ற அறிக்கையில் புள்ளியும் இராது, எத்தனையாம் பிள்ளை என்ற கணக்கும் இராது. பெப்ரவரியளவில் வரும் அறிக்கையில்தான் தரம் 1 முதல் 6 வரையான பிள்ளைகளுக்கு எழுத்துத் தரம் கிடைக்கும். 'பி' என்றால் மாகாணம் எதிர்பார்க்கும் மட்டத்தை எட்டியாயிற்று. அதைப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக் கண்ணோடு பார்த்துப் பிள்ளையை ஏசாதீர்கள், பாவம்.

ரீச்சரைச் சந்திக்கக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். "எப்படிப் படிக்கிறான்?" என்றால் "நல்லாப் படிக்கிறான்" என்பதோடு நேரம் போய்விடும். வாசிக்கும்போது எங்கே தடுக்குது, இடைவேளையில் யாரோடு விளையாடுறான், வீட்டில் என்ன செய்யலாம் என்று மூன்று கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையை அந்த வேலைக்கு வைத்தால், தன்னைப் பற்றிய குறையில் பாதியை அது விழுங்கிவிடும்.

பள்ளிப் பேரவைக்கு, அதாவது பெற்றோர் இருந்து பள்ளிக்கு ஆலோசனை சொல்லும் குழுவுக்கு, நம்மவர்கள் போவது குறைவு. ஊரில் சங்கத்துக்கு அதிபரே தலைவர். இங்கே அதிபருக்கு வாக்கில்லை, பெற்றோரே பெரும்பான்மை. 2000ஆம் ஆண்டின் 612ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி, பள்ளி ஆண்டின் முதல் 30 நாளுக்குள் தேர்தல், வருடத்துக்குக் குறைந்தது நான்கு கூட்டம். உறுப்பினர் அல்லாதவரும் போய் இருந்து கேட்கலாம். கண்ணகியம்மன் சடங்குக்கு ஊரையே திரட்டத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையில்லை.

சுற்றுலாவுக்குத் துணையாகப் போக விரும்பினால், பொலிஸ் நற்சான்றுக்குச் செப்டெம்பரிலேயே விண்ணப்பியுங்கள். கிடைக்கச் சில கிழமை எடுக்கலாம். அறிவித்தல் வந்தபின் ஓடினால் சரிவராது.

சாப்பாட்டைச் சூடாக்கிக் கொடுக்கப் பொதுவாக ஆளில்லை, புட்டோ சோறோ தெர்மோஸில் போடுங்கள். ஆனால் கச்சானைப் பையில் வைக்கவே வேண்டாம். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அதன் துளியே மூச்சை அடைக்கும்; கடும் ஒவ்வாமையுள்ள மாணவரைக் காக்க 2006இல் நடைமுறைக்கு வந்த சப்ரீனா சட்டத்தால் பள்ளிகள் இதில் கண்டிப்பு. உங்கள் பிள்ளைக்கு இறாலோ நண்டோ ஒத்துக்கொள்ளாவிட்டால், சேர்க்கும் நாளிலேயே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.