ஆண் தேனீக்கு அப்பா கிடையாது

தேனீப் பெட்டியைத் திறந்து ஓர் அடையைத் தூக்கிக் காட்டினேன். “கொட்டாத தேனீ இருக்கா மாமா?” என்று கேட்டாள் அக்கா மகள்.

இருக்கிறது. பருத்த உடம்பும் தலையை மூடும் பெரிய கண்களுமாகத் திரியும் ஆண் தேனீ. கொடுக்கு என்பதே முட்டையிடும் உறுப்பு மாறி உருவானதுதான். அதனால் ஆணுக்கு அது இல்லை.

என்னை அதைவிட வியக்க வைப்பது அதன் பிறப்பு. இளம் ராணி வெளியே பறந்து பல ஆண்களுடன் கூடுகிறது. கூடிய ஆண் அங்கேயே செத்து விழுகிறது, பாவம். ஆனால் அதன் விந்தணுக்களை ராணி வயிற்றில் ஒரு சிறு பையில் வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும். அப்புறம் அடையின் அறையை முன்னங்கால்களால் அளந்து பார்த்து முட்டையிடும். சிறிய அறை என்றால் விந்தணு சேர்க்கும், பெண் பிறக்கும், அதன் செல்லில் மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் 32. அகன்ற அறை என்றால் சேர்க்காது, ஆண் பிறக்கும், 16தான்.

ஆக, ஆண் தேனீக்கு அப்பா இல்லை. அம்மாவைப் பெற்ற தாத்தா உண்டு! மகன் பிறக்க வழியில்லை, பேரன் பிறக்கலாம். இன்றைய போலந்திலுள்ள சிலேசியாவில் தேனீ வளர்த்த யான் ஜெர்ஜோன் என்ற பாதிரியார் 1845இலேயே இதைச் சொல்லிவிட்டார். குரோமோசோம் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. கூட்டைப் பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்த மனிதர்.

ஓர் ஆண் தேனீயை எடுத்து அவள் உள்ளங்கையில் விட்டேன். விரல் நுனிவரை நடந்து போய்ப் பறந்தது.