விலகிய படகு கரைசேரும் வரை

2024 டிசம்பர் நடுவில் ஓர் இரவு வேலையின்போது, எங்கள் செம்பனை எண்ணெய் ஆலையின் என்ஜின் அறையில் உட்கார்ந்து, கைப்பேசியில் வெண்டே குளோப் போட்டியின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல ஆண்டுகளாகியும், நாங்கள் இன்னும் பத்தாங் பெர்சுந்தை என்றே சொல்லும் இந்தத் தோட்டப்புற ஊரில், தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல், யாருடைய உதவியும் பெறாமல் உலகைச் சுற்றும் இந்தப் பாய்மரப் படகுப் போட்டியைப் பின்தொடர்பவன் அநேகமாக நான் ஒருவன்தான். பிப் ஹேர் என்ற பிரிட்டன் பெண்மணியின் படகு, ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே ஏறக்குறைய 800 கடல் மைல் தொலைவில் பாய்மரம் முறிந்து, போட்டியிலிருந்து விலகிவிட்டது என்ற செய்தியைப் பாய்லரைக் கவனிக்கும் தம்பியிடம் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்ணே, போட்டியில இல்லன்னா, அப்புறம் யாருண்ணே இழுத்துட்டு வருவா?" என்று கேட்டான்.

யாரும் இழுத்து வரமாட்டார்கள் என்றேன். அவன் நம்பவில்லை. ஓட்டப்பந்தயத்தில் கால் பிசகியவன் ஓரமாக உட்காரலாம். கார்ப் பந்தயத்தில் வண்டி நின்றால் இழுவை வண்டி வரும். தென்கடலில் விலகியவருக்கு உட்கார ஓரம் கிடையாது. போட்டி முடிந்துவிட்டது என்று அறிவித்த பிறகும் அதே அலை, அதே குளிர், அதே தனிமை. முன்னால் ஓர் இலக்கு இருந்தது, அது மட்டும் இப்போது இல்லை. அந்த வீரர்கள் இந்த நிலையை எப்படித் தாங்குகிறார்கள் என்று எழுத வேண்டும் என்ற எண்ணம் அவனுடைய கேள்வியிலிருந்துதான் வந்தது.

பாய்மரம் முறிந்த உடனே வருத்தப்பட நேரம் இருப்பதில்லை. இவ்வகைப் படகின் நீளம் 18.28 மீட்டர், அதன் பாய்மரத்தின் உச்சியோ நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 29 மீட்டர். அது முறிந்து கடலில் விழுந்தாலும் கம்பிகளாலும் கயிறுகளாலும் படகோடு பிணைந்தே கிடக்கும். ஒவ்வோர் அலைக்கும் அதன் முறிந்த முனை படகின் பக்கச்சுவரில் மோதும். கரிம இழைச் சுவர் அந்த இடியை அதிக நேரம் தாங்காது. ஆகவே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, ரம்பமும் கம்பிவெட்டியும் சுத்தியலுமாக, ஆடும் தளத்தில் மண்டியிட்டபடி, தம் படகின் உயிர்போன்ற பாகத்தை அவர்களே வெட்டிக் கடலுக்குக் கொடுக்க வேண்டும். அது முடிந்து, படகில் ஓட்டையில்லை என்று உறுதி செய்து, கரைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு உட்காரும்போதுதான் அந்தச் செய்தி அவர்களுக்கே வந்து சேர்கிறது என்று நினைக்கிறேன்.

பிப் ஹேர் அதன்பிறகு செய்தது என்னை வெகுவாகக் கவர்ந்தது. முந்தைய போட்டியில், பசிபிக் நடுவே பழுதான சுக்கானைத் தாமே கழற்றி வேறொன்றைப் பொருத்தி, 19ஆம் இடத்தில் முடித்தவர் அவர். இம்முறை, பாயின் அடிப்பகுதியைத் தாங்கும் குறுக்குத்தண்டை நிமிர்த்தி, அதையே தற்காலிகப் பாய்மரமாக்கி, சின்னஞ்சிறு பாயை ஏற்றி மெல்போர்ன் நோக்கித் திரும்பினார். முன்பு இரண்டு மூன்று நாளில் கடந்திருக்கக்கூடிய தூரத்தை இப்போது, மிதிவண்டியில் மெதுவாகப் போகிறவரின் வேகத்தில், பல நாள் ஊர்ந்து கடக்க வேண்டும். நான் ஒவ்வோர் இரவும் அந்தப் புள்ளியைப் பார்த்தேன். மற்றவர்கள் தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்ன் நோக்கிப் பறந்துகொண்டிருந்தார்கள்; அந்த ஒரு புள்ளி மட்டும் வடக்கே நகர்ந்தது.

கரைக்குத் திரும்பும் இந்த மெதுவான பயணம் தண்டனையா, மருந்தா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டும்தான் என்றாலும், மருந்து பக்கமே என் மனம் சாய்கிறது. படகைத் தாமே கரைசேர்க்கிறவருக்கு ஒவ்வொரு மணிநேரமும் செய்ய வேலை இருக்கிறது: தண்டைத் தாங்கும் கயிறு தேய்கிறதா, குடிநீர் எவ்வளவு, காற்று எப்போது திரும்பும். போட்டியில் இருக்கும்வரை வழிகாட்டும் வானிலை ஆலோசனையைக் கரையிலிருந்து பெறுவதற்கு விதி தடை போடுகிறது. விலகிய நொடியிலிருந்து அது நீங்கிவிடுகிறது. அத்தனை நாள் கேட்கவே கூடாது என்றிருந்த உதவியைக் கேட்கலாம் என்பது ஒருவகை ஆறுதலாகவும், கசப்பாகவும் இருக்கும்.

அலெக்ஸ் தாம்சனின் கதையில் கசப்பு கூடுதல். 2020ஆம் ஆண்டு அவருக்கு ஐந்தாவது வெண்டே குளோப். அதற்கு முந்தைய போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவர். அட்லாண்டிக்கில் போய்க்கொண்டிருக்கும்போது படகின் முன்பகுதியின் உட்சட்டத்தில் விரிசல் கண்டு, குலுங்கும் படகுக்குள் நாட்கணக்கில் வெட்டி, ஒட்டி, பூசிச் சரிசெய்தார். மறுபடி வேகமெடுத்த சில நாட்களிலேயே வலப்பக்கச் சுக்கான் சேதமடைந்தது. விலகினார், கேப் டவுன் போய்ச்சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. முதல் பழுதிலேயே நின்றிருந்தால் மனம் ஒருமுறைதான் உடைந்திருக்கும். சரிசெய்துவிட்டோம் என்று நம்பிய பிறகு வரும் இரண்டாவது அடி வேறு வகையானது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், குலைகள் மிகுதியாக வரும் பருவத்தில், நான் அப்போது வேலை செய்த ஆலையில், நள்ளிரவுக்குப் பிறகு டர்பைனின் சத்தம் மாறியது. பேரிங் இருக்கும் உறையில் உள்ளங்கையை வைத்தால், வழக்கமான சீரான அதிர்வுக்கு நடுவே, மூன்று நான்கு வினாடிக்கு ஒருமுறை ஒரு சிறு தட்டல். நிறுத்திவிட்டேன். வெளியே லாரிகள் வரிசையில் நின்றன. குலைகளை உடனுக்குடன் அவிக்காவிட்டால் எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறி விலை இறங்கும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். மறுநாள் மேலாளர் கேட்ட ஒரே கேள்வி, "காலைவரை ஓடியிருக்காதா?" என்பதுதான். ஓடியிருக்கலாம். உடைவதற்குமுன் நிறுத்தியவனிடம், உடைந்திருக்கும் என்பதற்குச் சான்று எதுவும் மிஞ்சுவதில்லை. விலகிய வீரர்களில் பலர் கரையில் இறங்கிய பின் பல மாதம் சுமப்பது இதே கேள்வியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்குச் சிலர் கண்ட விடை, போட்டிக்கு வெளியே நின்று பாதையை முடிப்பது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் சமந்தா டேவிஸின் படகு நீரில் ஏதோ ஒன்றின்மீது மோதி, படகைக் கவிழாமல் நிறுத்தும் அடிச்செட்டையான கீல் பகுதியில் சேதமடைந்தது. அவருக்கும் விலாவில் அடி. கேப் டவுனில் உதவி பெற்றதால் போட்டியிலிருந்து விலகியே ஆகவேண்டும். ஆனால், இதயக் குறையுள்ள குழந்தைகளின் அறுவை சிகிச்சைக்கு நிதி திரட்டும் படகு அது. பழுதுபார்த்து மீண்டும் புறப்பட்டு, தரவரிசையில் பெயரே இல்லாமல் உலகைச் சுற்றி, 2021 பிப்ரவரி இறுதியில் ஊர் திரும்பினார். அதே போட்டியில் கீல் கருவி பழுதாகி விலகிய இசபெல் ஜோஷ்கேயும் பிரேசிலில் நின்று சரிசெய்துகொண்டு மீதிப் பாதையை முடித்தார். ஜெரமி பெயோவுக்கு வேறு வழி அமைந்தது: வெல்வார் என்று பலர் எதிர்பார்த்த அவர், புறப்பட்ட சில நாட்களிலேயே சேதத்தோடு தொடங்கிய துறைமுகத்துக்கே திரும்பினார். அங்கே மட்டும் உதவி பெற விதி இடம்கொடுத்தது. எல்லாரும் போய் ஒன்பது நாள் கழித்து மீண்டும் புறப்பட்டு, 13ஆவதாக முடித்தார்.

மலேசியர்களாகிய நமக்கு இது புதிதல்ல. அசார் மன்சோர் 1999 பிப்ரவரி 2 அன்று லங்காவியிலிருந்து தனியாகக் கிளம்பினார். வழியில் பாய்மரம் முறிந்து, ஃபாக்லாந்துத் தீவுகளில் நின்று பழுதுபார்த்து, ஆகஸ்ட் 11 அன்று லங்காவிக்குத் திரும்பினார். நிற்காமல் சுற்றும் எண்ணம் அங்கே நின்றுபோனாலும், இங்கே அவரை வரவேற்றவர்கள் அதைப் பெரிதாக நினைத்ததாக எனக்கு நினைவில்லை.

விலகவே முடியாமல் போனவரையும் இந்த வரிசையில் சொல்ல வேண்டும். டொனால்ட் குரோஹர்ஸ்ட், 1968 அக்டோபர் 31 அன்று, தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றும் முதல் போட்டியான கோல்டன் குளோப் போட்டியில் கிளம்புவதற்கான கடைசி நாளில், அரைகுறையாகத் தயாரான மூவுடல் படகில் புறப்பட்டார். படகு ஒழுகியது. தென்கடலில் அது தாங்காது என்று அவருக்கு விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் பாதியில் விலகினால் படகின் செலவு அவர் தலையில் விழும் என்பது ஒப்பந்தம். வீடும் தொழிலும் அதில் சிக்கியிருந்தன. அட்லாண்டிக்கைவிட்டு வெளியேறாமலே உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இடங்களை வானொலியில் அறிவித்தார். இடையில் அர்ஜென்டினாவில் இரகசியமாகக் கரையேறிப் படகை ஒட்டுப்போட்டார். 1969 ஜூலை 10 அன்று அந்தப் படகு ஆளில்லாமல் மிதக்கக் கண்டார்கள். வென்ற ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தம் 5,000 பவுண்டு பரிசைக் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்தார். விலகும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

படகைக் கரைசேர்க்கும் வாய்ப்புக்கூடக் கிடைக்காதவர்களும் உண்டு. 2018 செப்டம்பரில், மீண்டும் நடத்தப்பட்ட கோல்டன் குளோப் போட்டியின்போது, தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் படகு புரண்டு பாய்மரம் முறிந்தபோது, இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமிக்கு முதுகெலும்பில் பலத்த காயம். அசைய முடியாமல் படுத்துக் கிடந்தவரை மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. துரியா என்ற அந்தப் படகு கடலிலேயே விடப்பட்டது. ரம்பமில்லை, தற்காலிகப் பாய் இல்லை, வடக்கே ஊரும் புள்ளி இல்லை. செய்து தீர்க்க வேண்டிய வேலை எதுவும் செய்யப்படாமலே போட்டி முடிந்தது. முதுகில் டைட்டானியம் தண்டுகளோடு அவர் 2022இல் அதே போட்டிக்குத் திரும்பி, 236 நாள் கடலில் இருந்து இரண்டாம் இடம் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

பிப் ஹேர் டிசம்பர் இறுதியில் மெல்போர்ன் சேர்ந்தார். செய்தியைப் படித்த இரவு, மழைக்காலக் குறைச்சலால் குலை வரத்து மந்தமாக இருந்தது. பாய்லர் தம்பி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். நான் சொல்வதற்குமுன் அவனே கேட்டான்.

"அந்தக்கா வந்துட்டாங்களாண்ணே?"

"வந்துட்டாங்க."

"யாரும் இழுக்கலதானே?"

"இல்லடா, அவங்களேதான் ஓட்டிட்டு வந்தாங்க."

அவன் தலையாட்டிவிட்டு, பாய்லரின் நீர்மட்டக் கண்ணாடியைப் பார்க்க எழுந்து போனான்.