தொடாமல் வேலை செய்யும் கீபோர்ட் விசைகள்

ஒரு மழை நாளில் வெள்ளவத்தையிலிருந்து ஐயா ஒருவர் பம்பலப்பிட்டியில் நான் வேலை பார்க்கும் திருத்துகடைக்கு ஓட்டோவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். 1983இல் விற்பனைக்கு வந்த கொம்பாக் போர்ட்டபிள் என்ற தூக்கிச் செல்லும் கணினி, கிட்டத்தட்ட 13 கிலோ. மூடியைக் கழற்றினால் அதுவேதான் கீபோர்ட். மின்சாரம் கொடுத்ததும் பச்சைத் திரை வந்தது. ஆனால் 83 விசைகளில் பாதிக்கு மேல் அசைவில்லை. கணக்காளராக இருந்த அவர் தொழிலைத் தொடங்கியதே அந்தக் கணினியில்தானாம். எப்படியாவது உயிர் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது.

நான் பழகிய வழியிலேயே போனேன். ரிமோட்டைப் போல அடியில் கரி இரப்பர் இருக்கும், துடைத்தால் சரி என்று நினைத்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மல்டிமீட்டரை பீப்பில் (மின்தொடர்பு இருந்தால் சத்தம் போடும் நிலை) வைத்து விசைகளை அழுத்திப் பார்த்தேன். சத்தமில்லை. நன்றாக வேலை செய்த விசையிலும் சத்தமில்லை! அந்த இடத்தில் நான் நிதானித்திருக்க வேண்டும். நிதானிக்காமல் ஈயப்பற்றுகளை எல்லாம் மறுபடி உருக்கி வைத்தேன். இரண்டு நாள் வீணாயிற்று.

மூன்றாம் நாள் அண்ணை எட்டிப் பார்த்தார். "தம்பி, இது தொட்டு வேலை செய்யிற சாதியில்லை. மீற்றரைத் தூக்கி வை."

ஒவ்வொரு விசையின் அடியிலும் ஒரு வட்டப் பஞ்சு. பஞ்சின் அடியில் அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்ரிக் வட்டம். பலகையில் அதற்கு நேரே பக்கம் பக்கமாக இரண்டு செப்புத் தளங்கள். அழுத்தினால் வட்டம் அவற்றின் மேல் படியும். ஆனால் இடையில் பிளாஸ்ரிக் இருப்பதால் உலோகம் செம்பைத் தொடுவதில்லை. தளங்களுக்கு இடையிலான கொள்ளளவம் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் திறன்) கூடுகிறது, சுற்று அதைத்தான் கவனிக்கிறது. பீப் எங்கிருந்து வரும்? அப்பிளின் லிசா கணினியிலும் இதே வகைதான். கீ ட்ரொனிக் என்ற நிறுவனம் செய்தது.

ஒரு பஞ்சை விரல் நுனியால் தொட்டேன். தேநீரில் ஊறிய பிஸ்கற் போல உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. பொலியூரத்தேன் பஞ்சை ஈரப்பதம் மெல்ல மெல்லச் சிதைக்கும். இதுவோ கடலோரக் கொழும்பில் பல வருடம் இருந்தது. பஞ்சு அமர்ந்துபோனால் வட்டம் பலகையில் சமமாகப் படியாது. இதில் யார் மேலும் குற்றமில்லை, வயதுதான்.

புறக்கோட்டையில் கதவு இடுக்குக்கு ஒட்டும் பஞ்சு நாடா வாங்கினேன். முதலில் தடிப்புக் கூடியதை எடுத்துவிட்டேன். கையை எடுத்த பிறகும் விசை அழுத்தியபடியே இருப்பதாகக் கணினி நினைத்தது. மெல்லியதற்கு மாறினேன். அடுத்தது உலோக வட்டம். முறுக்குப் பக்கற்றின் வெள்ளிப் பக்கத்தைச் சோதித்தேன், பீப் வரவில்லை. உலோகம் இரண்டு படலங்களுக்கு நடுவில் அடைபட்டிருந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்த வெள்ளிப் போர்வையில் ஒரு பக்கம் மட்டும் பீப் வந்தது. அந்தப் பக்கம் பஞ்சைப் பார்க்க, பிளாஸ்ரிக் பக்கம் பலகையைப் பார்க்க, 83 வட்டங்களை வெட்டி ஒட்டினேன்.

ஐயா வந்து உட்கார்ந்தார். எழுத்துகளை விட்டுவிட்டு, வலது கையால் எண்களைப் பார்க்காமலே அடித்தார். 5இல் நின்றார். மறுபடி அழுத்தினார்.

"கொஞ்சம் பிந்துது தம்பி."

"இருங்கோ ஐயா" என்று திருகாணிகளை மறுபடி கழற்றத் தொடங்கினேன்.