இரண்டாம் வயலினில் நான்கு ஆண்டுகள்

எங்கள் வட்டாரத்தின் இளையோர் இசைக்குழுவில் 14 வயதில் சேர்ந்து, வயது வரம்பு முடியும் வரை நான்கு ஆண்டுகள் இருந்தேன். அந்த நான்கு ஆண்டுகளும் இரண்டாம் வயலின் பிரிவில்தான் அமர்ந்திருந்தேன். பெரும்பாலும் மெட்டை வாசிக்கும் முதல் வயலின் பிரிவுக்குப் போக வேண்டும் என்ற ஆசை முதலாண்டில் கடுமையாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் அந்த வாய்ப்பு தானாகவே வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று வீட்டில் இன்றும் கேட்கிறார்கள். அதற்கு உரிய விடையை இப்போதாவது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

வயலின் கற்கும் பிள்ளைகள் எல்லா ஊர்களிலும் கிடைப்பார்கள். ஓபோ, பசூன் என்ற ஊதுகருவிகளையோ, வயலினைவிடச் சற்றே பெரிய வியோலாவையோ கற்பவர்கள் அப்படிக் கிடைப்பதில்லை. முழு இசைக்குழுவுக்காக எழுதப்பட்ட பெரிய சிம்பொனி ஒன்றை வாசிக்க இரண்டு ஓபோவும் இரண்டு பசூனும் நான்கு ஹார்னும் வேண்டும் என்றால், எந்தத் தனிப் பள்ளியாலும் அதை எளிதில் திரட்ட முடியாது. பல ஊர்ப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடும் வட்டாரக் குழுவின் தேவை அங்கேதான் பிறக்கிறது. இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்த பசூன்காரப் பெண் ஒருத்தி, தன் ஊரில் அந்தக் கருவியை வேறு யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று சொன்னாள். தன் கருவியைப் போலவே இன்னொன்று பக்கத்தில் ஒலிப்பதை அவள் முதன்முதலாகக் கேட்டது எங்கள் ஒத்திகையில்தான்.

சேர்வதற்குத் தேர்வு உண்டு. மூன்று ஸ்தாயிகளில் ஸ்கேல்கள் எனப்படும் சுர வரிசைகள், தயாரித்து வந்த பகுதி ஒன்று, அதன்பின் முன்பின் பார்த்திராத பக்கம் ஒன்றை அங்கேயே பார்த்து வாசித்தல். நான் அந்தக் கடைசிப் பகுதியில் தடுமாறி, நிறுத்தி, தொடக்கத்திலிருந்து மறுபடியும் வாசிக்க முயன்றேன். தேர்வாளர் கையை உயர்த்தி, "விட்ட சுரத்தை விட்டுவிடம்மா, அடுத்த அட்சரத்தில் வந்து சேர்ந்துகொள். குழுவில் உனக்காக யாரும் திரும்பி வரமாட்டார்கள்" என்றார். ஆறு ஆண்டுகள் தனியாகக் கற்றிருந்த எனக்கு அதுவரை யாரும் இதைச் சொன்னதில்லை. தனியாகப் பயிலும்போது தவறு செய்தால் நின்று திருத்துகிறோம். அது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கத்தோடு ஒரு குழுவுக்குள் உட்கார முடியாது.

முதல் ஒத்திகையில் கடைசி வரிசையில், உள்பக்கத்து இருக்கை எனக்குக் கிடைத்தது. தந்திக் கருவிக்காரர்கள் இசைத்தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டுக்கு இருவராக அமர்வார்கள். பார்வையாளர் பக்கமாக அமர்ந்தவர் தொடர்ந்து வாசிக்க, உள்பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதை நிறுத்திப் பக்கத்தைப் புரட்ட வேண்டும். மெல்லப் புரட்டினால் வரி தவறும். வேகமாகப் புரட்டினால் தாள் ஸ்டாண்டிலிருந்து பறக்கும். அன்று முப்பது அட்சரங்களுக்குள் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் போயிற்று. சுற்றிலும் ஒலி வெள்ளமாக இருந்தது. என் வயலினின் ஒலி எனக்கே கேட்கவில்லை. பக்கத்து இருக்கை அக்கா ஒரு சுரத்தையும் விடாமல் வாசித்துக்கொண்டே, ஓர் இடைவெளி வந்த நொடியில் வில்லின் நுனியை நீட்டித் தாளில் ஓரிடத்தைத் தொட்டார். நாங்கள் அங்கேதான் இருந்தோம். அன்று மட்டும் அப்படி நான்கு முறை தொட்டுக் காட்டியிருப்பார். ஒருமுறைகூட அவர் முகம் என் பக்கம் திரும்பவில்லை.

அனுபவம் உள்ளவரையும் புதியவரையும் ஒரே ஸ்டாண்டில் அமர்த்துவது எங்கள் குழுவின் வழக்கம். வெனிசுவேலாவில் 1975-ஆம் ஆண்டு ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்தேமா என்ற இசைக் கல்வித் திட்டத்தின் அடிப்படையும் ஏறத்தாழ இதுவே: பிள்ளைகள் தொடக்கத்திலிருந்தே கூட்டாக வாசிக்கிறார்கள், முன்னே கற்றவர் பின்னே வருபவருக்குச் சொல்லித்தருகிறார். ஆசிரியர் வாரம் ஒருமுறை சொல்வதைவிடப் பக்கத்தில் இருப்பவரின் முழங்கை அசைவு அதிகம் கற்றுத்தருகிறது என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். வில்லை எந்தப் பகுதியில் வைக்கிறார், மூச்சை எப்போது இழுக்கிறார் என்பதெல்லாம் ஓரக்கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

அக்காவிடம் எப்போதும் ஒரு பென்சில் இருந்தது. வில் மேல் போகிறதா கீழ் வருகிறதா என்பதற்கான குறிகளை அதைக்கொண்டுதான் இடுவார். கையில் கோலோடு முன்னே நின்று குழுவை வழிநடத்தும் நடத்துநரைக் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்களில் ஒரு சின்ன மூக்குக்கண்ணாடி வரைவார். வேகம் மாறும் இடம், நீட்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றின் மேலும் அந்தக் கண்ணாடி இருக்கும். இசைக்குழுக்காரர்களிடையே இது பரவலாக உள்ள பழக்கம் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

ஏன் பார்க்க வேண்டும், கேட்டால் போதாதா என்று நான் அவரிடம் கேட்டதுண்டு. பதில் பின்வரிசைப் பித்தளைக் கருவிக்காரர்களிடமிருந்து கிடைத்தது. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் தூரம் செல்கிறது. 15 மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் டிராம்போனின் ஒலி முன்வரிசைக்கு வந்து சேர நொடியில் ஏறத்தாழ இருபத்து மூன்றில் ஒரு பங்கு ஆகும். வேகமான பகுதியில் அந்தத் தாமதம் காதில் நன்றாகவே படும். ஆகவே முன்னே வாசிப்பவர்களைக் கேட்டு டிராம்போன்காரர் வாசித்தால் அவர் பிந்திவிடுவார். நடத்துநரின் கோலைப் பார்த்துச் சற்றே துணிந்து முன்னால் தொடங்க வேண்டும். சுருதி சேர்க்கும்போது இதற்கு நேர்மாறு. ஓபோ தன் ஒற்றைச் சுரத்தை, நொடிக்கு 440 அதிர்வுகள் கொண்டதை, நீட்டிப் பிடிக்கும். அப்போது எல்லாரும் காதை மட்டுமே நம்ப வேண்டும். மெல்ல மெல்ல அறுபது கருவிகள் அந்த ஒரே இடத்துக்கு வந்து சேரும் அந்த அரை நிமிடத்துக்காகவே நான் ஒத்திகைக்கு முன்கூட்டியே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் பிரிவு ஒத்திகை. பயிற்றுநர் முதல் வயலின்களை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்களையும் வியோலாக்களையும் மட்டும் வாசிக்கச் சொன்னார். அதுவரை சலிப்பாகத் தோன்றிய, ஒரே தாள நடையில் திரும்பத் திரும்ப வரும் எங்கள் வரி, வியோலாவின் வரியோடு சேர்ந்தபோது உயிருள்ள ஒன்றாக அசைந்தது. பிறகு முதல் வயலின்களை மெட்டை எடுக்கச் சொன்னார். அந்த மெட்டு எங்கள் மேல் நின்றது என்பதை அன்றுதான் கேட்டேன். நாங்கள் ஒரு சுரத்தை அரைச்சுரம் இறக்கியபோது மெட்டின் நிறமே இருண்டது. மெட்டில் எதுவும் மாறியிருக்கவில்லை. அந்த மாற்றத்தைச் செய்வது எங்கள் கையில் இருந்தது. மேலே போக மறுத்ததற்குக் காரணம் அந்த மாலைதான். இதைப் பணிவு என்று சிலர் பாராட்டினார்கள். அது பணிவு அல்ல. அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

எல்லாமே இனிமையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு பருவத்தில் இருக்கை வரிசையை எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்தார்கள். பின்னுக்குப் போன ஒரு சிறுவன் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. அவனைத் தேடிப் போய் அழைத்து வந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

கடைசி ஆண்டில் செக் இசையமைப்பாளர் அந்தோனின் ட்வோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனியை எடுத்தோம். 1893-ஆம் ஆண்டு நியூயார்க்கில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட அந்தப் படைப்பு ஏறத்தாழ 40 நிமிடங்கள் நீளும். அதில் ஜால்ராத் தட்டுகளுக்கு ஒரே ஒரு அடிதான், அதுவும் கடைசிப் பகுதியில். முழக்கமாக அல்ல, மென்மையாக ஒலிக்க வேண்டிய அடி. அது எங்கள் குழுவில் 15 வயதுப் பையன் ஒருவனுக்கு வந்தது. ஒவ்வொரு வாரமும் அந்த ஒரு அடிக்காக அவன் அட்சரங்களை விரல்களில் எண்ணிக்கொண்டு நின்றான். ஒத்திகைகளில் ஒருமுறை முந்தினான், ஒருமுறை அடிக்கவே பயந்து விட்டுவிட்டான்.

நிகழ்ச்சியன்று அவன் எனக்கு நேர் பின்னால் வெகு தொலைவில் நின்றான். அந்த இடத்தில் எனக்கும் வேலை நிறைய இருந்தது. தாளிலிருந்தும் கோலிலிருந்தும் கண்ணை எடுக்க முடியாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் ஒலியையே கேட்க முடியாதவளாக உட்கார்ந்திருந்த அதே இரைச்சலுக்குள், வாசித்துக்கொண்டே காத்திருந்தேன். சரியான அட்சரத்தில், மெல்லிய உலோக ஒலி ஒன்று பின்னாலிருந்து வந்து எங்கள் எல்லார் மேலும் படர்ந்தது.